எல்லோருக்குமான வண்டியும் நடந்து வந்தவர்களும்

என் அம்மாயி ஒருநாளும் ரயிலை ரயில் என்று சொன்னதில்லை. "கோச்சி" என்றுதான் சொல்லுவார். பதுளை ஸ்டேஷனுக்குப் போவதென்றால் "கோச்சியடிக்குப் போறேன்" என்பார். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முதியவர்கள் இதே சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிங்கள மக்களும் "கோச்சிய" என்கிறார்கள். இந்தச் சொல் ரயிலுக்கென்று பிறந்ததல்ல. ரயிலுக்கு முன் இந்தத் தீவின் வீதிகளில் ஓடிய 'கோச்' என்னும் குதிரை வண்டியின் பெயர் அது. வண்டி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

'பஸ்' என்பதும் அப்படியே. 'ஒம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் கடைசித் துண்டு அது. 'எல்லோருக்கும்' என்பது அதன் பொருள். அந்த எல்லோருக்குள் ஊவாத் தோட்டங்களின் தமிழர் எப்போது சேர்ந்தார்கள் என்பதைத் தேடியபோது கிடைத்தவற்றை இங்கே தொகுக்கிறேன்.

வண்டி பிறந்த கதை

கட்டணம் கொடுத்தால் யாரும் ஏறலாம், குறித்த பாதையில் குறித்த நேரத்தில் ஓடும் என்ற வண்டியை முதலில் எண்ணிப்பார்த்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கல். 1662இல் பாரிஸில் ஓடிய அந்த வண்டிகளுக்குக் கட்டணம் 5 சோல். ஆனால் படைவீரரும் வேலைக்காரரும் கூலியாட்களும் அதில் ஏறத் தடை விதிக்கப்பட்டது. காலப்போக்கில் சேவை நின்றுபோனது.

1826இல் நாந்த் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் தொடங்கிய சேவையோடு 'ஒம்னிபஸ்' என்ற பெயர் பரவியது. 1829 ஜூலை 4ஆம் திகதி ஜோர்ஜ் ஷிலிபியர் லண்டனில் தமது வண்டியை ஓடவிட்டார். மூன்று குதிரைகள் பக்கத்துக்குப் பக்கம் பூட்டப்பட்டிருந்தன. உள்ளே 22 பேர் அமரலாம். பாடிங்டனிலிருந்து பாங்க் வரை கட்டணம் 1 ஷில்லிங், பாதி வழிக்கு 6 பென்ஸ். அன்றைய லண்டன் கூலித் தொழிலாளிக்கு அது கைக்கெட்டாத காசு. எழுத்தர்களும் வணிகர்களுமே ஏறினார்கள்.

பின்னர் வண்டியின் வடிவம் மாறியது. தொடக்கத்தில் பெட்டி போன்ற உடல், இரு பக்கமும் நீள வாங்கு, பின்புறம் கதவு. நூற்றாண்டின் நடுப்பகுதியில் கூரையின் மேல் நடுவே நீளமாக ஒரு வாங்கு போடப்பட்டு, பயணிகள் முதுகோடு முதுகு சாய்ந்து இருந்தார்கள். 1880களில் அதற்குப் பதிலாக முன்னோக்கிய இருக்கைகளும் வளைந்த படிக்கட்டும் வந்தன. அப்போது இரண்டு குதிரைகள் 26 பேரை இழுத்தன.

இதில் பெரிய செலவு வண்டியல்ல, குதிரை. ஒரு குதிரை நாளொன்றுக்குச் சில மணி நேரமே இழுக்க முடியும். ஆகவே ஒரே ஒரு வண்டியை நாள் முழுக்க ஓட்டப் பத்துக்கு மேற்பட்ட குதிரைகள் வேண்டும். தீனி, லாயம், லாடம், பராமரிப்பவர் கூலி எல்லாம் சேர்ந்தால் வருமானத்தில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும். நான்கைந்து ஆண்டுகளில் குதிரை ஓய்ந்துவிடும். மோட்டார் பஸ் வந்ததும் குதிரை பஸ் ஒழிந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். லண்டனின் பெரிய ஒம்னிபஸ் கம்பனி 1911இல் தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது.

இலங்கையின் கோச்

இலங்கையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி வெட்டப்பட்டது. அதை வழிநடத்திய பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அந்த வீதியில் 1832இல் குதிரைத் தபால் கோச் ஓடத் தொடங்கியது. ஆசியாவின் முதல் தபால் கோச் சேவை என்று இதைப் பலரும் குறிப்பிடுவர். 72 மைல் தூரம். வழியில் குதிரைகளை மாற்றி மாற்றி ஒரே நாளில் கண்டியை அடைந்துவிடும். தபாலோடு சில பயணிகளும் போகலாம். அவர்கள் அதிகாரிகள், துரைமார், வணிகர்.

மலைநாட்டில் லண்டன் வகை ஒம்னிபஸ் செல்லாது. இருபது பேரை ஏற்றிய கனத்த உடலை ஏற்றத்தில் இழுக்க இரண்டு குதிரைகளால் முடியாது. இறக்கத்தில் நிறுத்துவது அதைவிடக் கடினம். அதனால் ஆட்கள் குறைவாக ஏறும் இலகுவான கோச்சுகளே மலைவீதிகளுக்கு ஏற்றவை. பாரச் சுமையெல்லாம் மாட்டு வண்டிக்கும் தவளம் என்னும் பொதிமாட்டு வரிசைக்கும் உரியது. ஊவாவின் கோப்பி, அல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக வண்டிகளில் இறங்கியது. வடக்கு வாசகர்களுக்கு ஒரு செய்தி: நெடுந்தீவில் இன்றும் திரியும் குதிரைகள், அங்கே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குதிரை வளர்த்த காலத்தின் மிச்சம்.

ரயில் ஏறிய வேகம்

ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. ரயில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கோச்சின் வேலை அதற்கு அப்பால் தள்ளிப்போனது. ஊவா தனி மாகாணமானது 1886இல். அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் ரயில் வந்து, அங்கேயே நின்றது. தெமோதரைச் சுற்றுவளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து பதுளையைத் தொட 1924 ஏப்ரல் ஆனது. இடையில் 30 ஆண்டுகள்! அந்த 30 ஆண்டுகளும் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே வீதிதான் கதி. குதிரை வண்டிக் காலம் முடிந்து மோட்டார் வாகனம் வந்ததும் இந்த இடைவெளியில்தான்.

நடந்தவர்கள்

அந்த வண்டிகள் போன வீதிகளை வெட்டியதிலும், அவை சுமந்த கோப்பியையும் தேயிலையையும் விளைவித்ததிலும் நம்மவர் உழைப்பு இருந்தது. ஆனால் அவர்கள் வந்தது கால்நடையாக. தலைமன்னார், மன்னார்க் கரைகளில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஊவாவுக்குப் போகவேண்டியவர்களுக்கு அங்கிருந்து இன்னும் மலைகள் பாக்கி. பசியாலும் கொலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1869இல் கோப்பி நோய் முதலில் காணப்பட்டது நமது மடுல்சீமைப் பக்கத்தில்தான். கோப்பி அழிந்தபோது பலர் திரும்பி நடந்ததும் அதே வழியில்.

கணக்கைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதம் அளவில் இருந்தது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. அதிலும் அரிசிக் கடனும் கங்காணிக் கடனும் கழியும். ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்று பார்த்தால், ஷிலிபியர் கேட்ட 1 ஷில்லிங் இங்கே ஒன்றரை நாள் உழைப்பு. சட்டம் கூலியை நிர்ணயித்த 1929இல்கூட மலைநாட்டு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம்தான். துரையின் குதிரைக்கு லாயம், தொழிலாளி குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிரா.

1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்த பிறகே வருகிறவர்களுக்கு நடை குறைந்தது. 1964 ஒப்பந்தத்தின் பின் இதே கோச்சி அவர்களைத் தலைமன்னாருக்குத் திருப்பி ஏற்றிச் சென்றது. பதுளை ஸ்டேஷனில் அழுகைச் சத்தம் ரயில் சத்தத்தை மீறிக் கேட்டது என்று அம்மாயி சொல்லுவார்.

1977 வன்செயலுக்குப் பின் எங்கள் பெரியப்பா குடும்பம் கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. 2009இல் அவர்களும் முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். திரும்பியவர்கள் பாதிப் பேர். இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு அந்த நடையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2023இல் மலையக மக்கள் வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மறுபடி நடந்தார்கள். கோச்சுக்கு நேர அட்டவணையும் கட்டணப் பட்டியலும் இருந்தன. அதனால் அது வரலாற்றில் நிற்கிறது. நடந்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. உங்கள் வீட்டு முதியவரிடம் எந்த வழியால் வந்தோம், யார் யார் வழியில் நின்றுபோனார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அம்மாயியிடம் கேட்க நான் பிந்திவிட்டேன்.