பிழை வேறு, போலி வேறு: பட்டாசுப் பெட்டியின் குறியீடும் சிஆர்சி கணக்கின் எல்லையும்

பசுமைப் பட்டாசு என்ற பெயரில் தடை செய்யப்பட்ட வெடிகள் விற்கப்படுவதாகவும், பெட்டிகளில் உள்ள க்யூஆர் குறியீடுகள் போலியானவை என்று கூறப்படுவதாகவும் 2021 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தன் ஆணையில் பதிவு செய்தது. சிஎஸ்ஐஆர்–நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் 2019 அக்டோபரில் அறிமுகமானபோது, போலிகளைத் தடுக்கும் என்று சொல்லித்தான் முத்திரையோடு இந்தக் குறியீடும் சேர்க்கப்பட்டது. பட்டாசில் தடை செய்யப்பட்ட பேரியம் உப்பு பற்றி அதன்பின் நிறையப் பேசிவிட்டோம். குறியீடு ஏன் காக்கவில்லை என்ற கேள்வியைப் போதிய அளவு கேட்கவில்லை. சிவகாசி, திருத்தங்கல் வட்டாரம் பட்டாசையும் செய்கிறது, அதன் லேபிளையும் அட்டைப் பெட்டியையும் அச்சடிக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி வேறெங்கையும்விட இங்கே பொருளுடையது.

சிஆர்சி எனப்படும் சுழற்சி மிகைமைச் சரிபார்ப்பும் அதன் உறவுக் கணக்குகளும் தற்செயலான பிழையைக் கண்டறிவதற்கென்றே பிறந்தவை. அவற்றின் வலிமைக்குக் காரணமான அதே கணிதப் பண்புதான் போலியின் முன் அவற்றைக் கையறு நிலையில் நிறுத்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மீதியே சாட்சி

வெஸ்லி பீட்டர்சனும் டி. டி. பிரவுனும் 1961இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையை நிலைநாட்டியது. அனுப்ப வேண்டிய பிட்டுகளை ஒரு பல்லுறுப்புக் கோவையின் கெழுக்களாகக் கொள்கிறோம். அதன் பின்னால் மீதிக்கு இடமாகச் சுழியங்களைச் சேர்த்து, இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு வகுத்தியால் வகுத்து, மீதியைச் செய்தியின் வாலில் ஒட்டி அனுப்புகிறோம். இந்தக் கணக்கில் கடன் வாங்குவதும் இல்லை, மிச்சம் ஏற்றுவதும் இல்லை. கூட்டலும் கழித்தலும் ஒரே எக்ஸ்ஆர் செயல். பெறுபவர் முழுவதையும் மீண்டும் வகுக்கிறார். மீதி சுழியமானால் ஏற்கிறார், இல்லையேல் தள்ளுகிறார்.

பட்டாசுப் பெட்டியின் க்யூஆர் குறியீட்டுக்குள்ளேயே இந்த வகுத்தல் நடக்கிறது. பிழை திருத்தும் நிலையையும் மறைப்பு வடிவத்தையும் சொல்லும் ஐந்து பிட்டுகளுக்குப் பத்துக் காப்புப் பிட்டுகள் உண்டு. வகுத்தி 10100110111. ஐந்து பிட்டுகள் 00101 என்று கொள்வோம்: 00 என்பது ஏறத்தாழ 15 விழுக்காட்டுச் சேதத்தைத் தாங்கும் நிலை, 101 என்பது மறைப்பு வடிவம். பின்னால் பத்துச் சுழியங்களைச் சேர்த்து, முதல் 1இன் கீழ் வகுத்தியை நிறுத்தி ஒருமுறை எக்ஸ்ஆர் செய்தால் போதும். 0011011100 என்ற மீதி கிடைக்கிறது. இந்தப் பதினைந்து பிட்டுகளில் மூன்று வரை சிதைந்தாலும் மீட்கலாம். மீதமுள்ள தரவை 1960இல் தோன்றிய ரீடு–சாலமன் குறியீடு காக்கிறது. அதன் உச்ச நிலை ஏறத்தாழ 30 விழுக்காட்டுச் சேதத்தைத் தாங்கும்.

2. நிரலில் சிஆர்சி

பிட் பிட்டாக வகுப்பது மெதுவானது. ஒரு பைட்டுக்கு இருக்கக்கூடிய 256 மீதிகளையும் முன்கூட்டியே அட்டவணையாக வைத்துக்கொண்டால், பைட்டுக்கு ஒரு தேடலும், சில எக்ஸ்ஆர், நகர்த்தல் செயல்களும் போதும். ஆய்வாளர் சர்வதே 1988இல் விளக்கிய இவ்வழி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. 2008இல் இன்டெல் செயலிகள் இதற்கெனத் தனிக் கட்டளையையே பெற்றன.

நிரலாளர் சறுக்கும் இடம் பெரும்பாலும் தொடக்க மதிப்பு. பதிவகத்தைச் சுழியத்தில் தொடங்கினால், செய்தியின் முன்னே கூடுதலாக வரும் சுழியங்கள் மீதியை மாற்றுவதில்லை. அதனால்தான் 32 பிட் ஈதர்நெட் முறை எல்லாம் 1 என்று தொடங்குகிறது. வகுத்தி ஒன்றே ஆனாலும், தொடக்க மதிப்போ பிட் வரிசையோ மாறினால் விடையும் மாறும். நெறிமுறை ஆவணம் இவற்றையெல்லாம் எழுதியாக வேண்டும்.

சரியாக எழுதப்பட்ட 32 பிட் சிஆர்சி, 32 பிட்டுக்குள் அடங்கும் தொடர் சிதைவு ஒவ்வொன்றையும் தவறாமல் பிடிக்கும். அதைவிட நீண்ட சிதைவுகளில் தப்புவது ஏறத்தாழ 430 கோடியில் ஒன்று. சென்னையில் வரைந்த லேபிள் வடிவம் ஜிப் கோப்பாகத் திருத்தங்கல் அச்சகத்துக்கு வந்து சேரும்போது, வழியில் ஒரு பிட் புரண்டாலும் பிரிக்கும் மென்பொருள் அதைக் கண்டுகொள்கிறது. பிஎன்ஜி படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் இதே காவல் உண்டு. பிளேட் போடுவதற்கு முன்பே பிழை தெரிந்துவிடுவதால் ஆயிரக்கணக்கான ஷீட்டுகள் வீணாகாமல் தப்புகின்றன.

3. வலிமையே பலவீனம்

இவ்வளவு வேகமும் உறுதியும் நேரியல் பண்பிலிருந்து வருகின்றன. செய்தியில் எந்தப் பிட்டுகளை மாற்றுகிறோமோ, அம்மாற்றத்தின் மீதியை மட்டும் தனியே கணக்கிட்டுப் பழைய மீதியோடு எக்ஸ்ஆர் செய்தால் புதிய மீதி கிடைத்துவிடும். முழுச் செய்தி தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கம்பியில்லா வலையமைப்புக்கான 1997ஆம் ஆண்டின் வெப் (WEP) பாதுகாப்பு முறை, மறையாக்கத்துக்குள் 32 பிட் சிஆர்சியை வைத்துவிட்டுச் செய்தி மாறாது என்று நம்பியது. போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் ஆகிய மூவரும் 2001இல் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். மறையைத் திறக்காமலேயே பிட்டுகளை மாற்றி, சரிபார்ப்பையும் பொருத்தமாகத் திருத்திவிட முடிந்தது.

பிட்டுகளை 64 ஆக்கினால் தீராதா என்று கேட்கலாம். தீராது. வகுத்தி ஊரறிந்தது, கணக்கில் இரகசியம் எதுவும் இல்லை. நேர்மையான அச்சகம் எந்த நிரலால் குறியீட்டை உருவாக்குகிறதோ, அதே நிரலால் போலி செய்பவரும் பழுதற்ற குறியீட்டை உருவாக்குவார். கைப்பேசி அதைத் தயங்காமல் படிக்கும். குறியீடு சிதையவில்லை என்பதற்கு மட்டுமே அந்த வாசிப்பு சான்று; பெட்டிக்குள் இருக்கும் மருந்துக்கலவைக்கு அல்ல.

4. கையொப்பமும் நகலும்

போலியைத் தடுக்க எண்முறைக் கையொப்பம் வேண்டும். வழங்குபவரிடம் மட்டும் இருக்கும் திறவியால் ஒப்பமிட்டு, எவரும் பொதுத் திறவியால் சரிபார்க்கும் ஏற்பாடு அது. 2021இல் கோவின் தளம் வழங்கிய தடுப்பூசிச் சான்றிதழ்களின் க்யூஆர் குறியீட்டில் அது இருந்தது.

ஆனால் பட்டாசுப் பெட்டிக்கு அதுவும் பாதிவழிதான். ஆஃப்செட் பிளேட் ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரே உருவத்தைப் பதிக்கும். ஒப்பமிட்ட உண்மையான குறியீட்டைப் படம் பிடித்து இன்னொரு பிளேட்டில் ஏற்றினால் ஒப்பமும் சேர்ந்தே நகலாகும். நகலைப் பிடிக்கப் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் வரிசை எண்ணும், எந்த எண் எங்கே எத்தனை முறை படிக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் பதிவேடும் தேவை. ஆஃப்செட் அச்சுக்குப் பின் எண்களை மட்டும் தனியே டிஜிட்டல் அச்சில் ஏற்றுவது இன்றைய அச்சுத்தொழிலுக்குப் புதிதன்று.

முடிவுரை

சேதம், போலி, நகல் ஆகிய மூன்றும் மூன்று வேறு எதிரிகள். சேதத்துக்கு வகுத்தலும், போலிக்குத் திறவியும், நகலுக்குப் பதிவேடும் விடை. முதலாவதை வைத்துக்கொண்டு மூன்றையும் வென்றதாக அறிவிக்கும் வடிவமைப்பு, விதிப்படி உழைக்கும் ஆலைக்கே முதலில் தீங்கு செய்கிறது. அதன் நல்ல சரக்கும் ஐயத்துக்கு உள்ளாகிறது. நீரியும் வெடிபொருள் உரிமம் வழங்கும் அமைப்பும் அடுத்து வகுக்கும் குறியீட்டு விதி, எந்த எதிரிக்கு எந்தக் காவல் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். நிரலாளர்களாகிய நாமும், நாம் எழுதும் ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் அதே கேள்வியை எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம்.