படியேறிய நடத்துநரும் அமர்ந்திருந்த ஓட்டுநரும்

சிட்லபாக்கத்தில் வாழும் நமக்கு மிக அருகிலுள்ள இரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். மருத்துவமனையின் பெயரே நிலையத்தின் பெயராகி நிலைத்துவிட்டது. மருத்துவர் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டு காசநோயாளருக்காக இங்கு ஓர் இல்லம் அமைத்தார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்று, சத்துள்ள உணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே மருத்துவரின் கையிருப்பு. ஓய்வின் பெயரால் அறியப்படும் ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்பதை இங்கு நினைவில் கொள்வது நல்லது.

ஓய்வே மருந்து என்னும் நம்பிக்கை இதயநோய்க்கும் நீண்டிருந்தது. மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையில் அசையாது கிடத்துவதே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழக்கம். 1952இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் ஆகிய இருவரும் அத்தகைய நோயாளரை நாற்காலியில் எழுப்பி அமர்த்தலாம் என்று எழுதினர். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதே அன்று பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது!

அடுத்த ஆண்டே நாற்காலியின் மீதும் ஐயம் பிறந்தது. ஜெரமி மாரிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், இலண்டன் போக்குவரத்துத் துறையில் பணிபுரிந்த 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 ஆண்களின் நலக் குறிப்புகளை ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இலண்டனின் மாடிப் பேருந்தில் இருவர் பணியாற்றினர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக மேலும் கீழும் படியேறி இறங்குவார். ஒரு நாளில் அவர் ஏறிய படிகள் ஐந்நூறுக்கும் மேல். ஓராண்டில் இதயக்குழல் நோய்க்கு ஆளானவர்கள், ஓட்டுநர்களில் ஆயிரத்துக்கு 2.7 பேர், நடத்துநர்களில் 1.9 பேர். நடந்து கடிதம் கொண்டு சேர்த்த தபால்காரர்களையும், மேசையருகே அமர்ந்த எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது.

ஓட்டுநர்கள் முதலிலிருந்தே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்டனர். மாரிஸ் அக்கேள்வியைப் புறந்தள்ளவில்லை. துறை வழங்கிய சீருடைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் காற்சட்டை உண்மையிலேயே அகலமாக இருந்தது. எனினும், ஒரே இடுப்பளவு கொண்டவர்களை ஒப்பிட்டபோதும் ஓட்டுநருக்கே இடர் மிகுந்திருந்தது. தையற்காரரின் அளவுக் குறிப்பு மருத்துவ வரலாற்றில் சான்று பகர்ந்த கதை இது.

இவ்வரலாற்றைப் படிக்கையில் நம் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. அந்த ஓட்டுநர் சோம்பேறி அல்லர். நடத்துநர் உழைத்த அதே நேரம் அவரும் உழைத்தார், குடும்பத்தைக் காத்தார். தலையான பாவங்கள் ஏழில் சோம்பலைச் சேர்த்துப் படித்த நாம், உட்கார்ந்தே இருப்பதைச் சோம்பலோடு ஒன்றாக்கி மறையுரையில் பேசியதுண்டு. அது பிழை. இரவு பத்து மணி வரை கணினி முன் அமர்ந்து, பிள்ளைகளின் கட்டணத்துக்காக உழைக்கும் தந்தையிடம் சோம்பலைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி? அவரை அமர்த்தி வைத்திருப்பது அவருடைய கடமையுணர்வேயன்றோ.

இந்தியாவிலும் தொழிலாளரின் குறிப்பேடுகள் பேசின. இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்கோத்ரா, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரயில்வே ஊழியரின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து 1967இல் எழுதினார். பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடம் இதயநோய் ஏழு மடங்கு மிகுதி என்றார். காரணத்தை அவர் உண்ணும் கொழுப்பிலும் உண்ணும் முறையிலும் தேடினார். பின்வந்தோர் அனைவரும் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனால் எச்சரிக்கை அன்றே ஒலித்துவிட்டது. 2004இல் வெளியான, 52 நாடுகளில் நடந்த பேராய்வில் பெங்களூரு தூய யோவான் மருத்துவக் கல்லூரியும் பங்கேற்றது. அதன் தரவுகளிலிருந்து 2007இல் தெரியவந்தது இது: முதல் மாரடைப்பு பிற நாட்டவருக்கு 59 வயதளவில் வருகிறது, தெற்காசியரான நமக்கோ 53இல். நோயற்றவர்களிலும் போதிய உடற்பயிற்சி செய்தவர்கள் பிற நாடுகளில் நூற்றுக்கு 22 பேர். நம்மவரில் 6 பேர் மட்டுமே. ஐம்பதைத் தாண்டியவர்களின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றித் திரும்பும் மாலைகளில் அந்த 53 என்னும் எண் நம்மை விட்டு அகல்வதில்லை.

நம் ஊர் இவ்வாறு அமர்ந்துபோனது ஒரே தலைமுறையில்தான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் மனைகளாயிற்று. முதலில் குடியேறியோர் நிலையம் வரை நடந்தனர். 1931 முதல் ஓடிய மின்தொடர் வண்டியில் நின்றே பயணம் செய்தனர். அலுவலக மாடிக்குப் படியேறினர். அவர்களுடைய மக்களை வாசலிலிருந்தே வாகனம் ஏற்றிச் செல்கிறது.

பரங்கிமலையை எண்ணிப் பார்ப்போம். மலையுச்சிக்குச் செல்லும் கற்படிகளை 18ஆம் நூற்றாண்டில் தம் பொருளால் அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. கால்நடையாய் வரும் திருப்பயணிகள் நனையாமல் ஆற்றைக் கடக்கவும், இடறாமல் மலையேறவும் வழி செய்தார். இன்று உச்சி வரை சாலை செல்கிறது. முதியோருக்கு அது பெரும் உதவி. ஆனால் நடக்க இயன்ற நாமும் பல ஆண்டுகள் சாலை வழியாகவே சென்று வந்தோம். படிகளை வாகனத்திலிருந்து பார்த்ததோடு சரி.

வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் விரைந்து நடத்தல் முதலிய உழைப்பும், அதனுடன் அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்தலும் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஏரிக்கரையில் நடந்தாலே போதும்.

வரும் தவக்காலத்தில் நம் பங்கின் திருப்பயணத்துக்குப் பேருந்து அமர்த்துவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். சானடோரியம் நிலையம் வரை நடை. பரங்கிமலை வரை இரயில். பிறகு உஸ்கானின் படிகள். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உடையோர் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு வருக. ஒவ்வொரு சிலுவைப்பாதை நிலையிலும் நின்று செபித்து, மூச்சு வாங்கி, மெதுவாகவே ஏறுவோம். ஐம்பத்தைந்தைக் கடந்த பங்குத்தந்தையும் உடன் ஏற வேண்டியிருப்பதால், எவரும் விரைய வேண்டியதில்லை.