கணினித் திரையில் எழுத்தும் எழுத்துருவும்

எழுத்து ஒலிவடிவும் வரிவடிவும் என இருநிலை உடையது என்பது தமிழிலக்கணத்தார் கொண்ட முடிபு. வரிவடிவம் காலந்தோறும் வேறுபட்டும் எழுத்து மாறாது நின்றமையை நம் மொழி வரலாறு காட்டும். எகர ஒகரங்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. அப்புள்ளியை நீக்கி நெடிலுக்குத் தனிக்குறி தந்த மாற்றம் வீரமாமுனிவர் (1680–1747) பெயரால் வழங்குகின்றது. 1978இல் தமிழக அரசின் ஆணையால் ணா, றா, னா, லை முதலியன புதுவடிவம் எய்தின. இவற்றால் சொல் எதுவும் அழிந்திலது. ஆயின், கணினியில் 1990-களில் வரிவடிவம் மாறின் எழுத்தே மாறிவிடும் நிலை ஏற்பட்டது. அந்நிலை தோன்றி நீங்கிய வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ராசிபுரம் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொள்வோம். (ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் மரபு நோக்கின் இராசிபுரம் என்றே எழுதுதல் வேண்டும், ஈண்டு வழக்கு நோக்கி எழுதலாயிற்று.) பாமினி என்னும் எழுத்துருவில் இப்பெயரைப் பொறித்தால் கணினியின் நினைவில் தங்குவது தமிழ் அன்று. யு, எச், ஆர், பி, ஜி, யு, கே என்னும் ஏழு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தங்கும். யு என்பதன் இடத்தில் ரகரமும், எச் என்பதன் இடத்தில் காலும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும் வரையப்பட்டுள்ளமையால் அது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுகின்றது. எழுத்துருவை மாற்றிய அளவில் ஊர்ப்பெயர் மறைந்து உரோமன் எழுத்துகள் வெளிப்படும். உடையே உடலாகிய நிலை இது.

அச்சகத்தில் இம்முறையால் பெருந்தீங்கு நேர்ந்திலது. தாளில் ஏறிய மை பின்னர் மாறுவதில்லை அன்றோ! கணினித் திரையிலோ நிலைமை வேறு. பட்டிகளையும் பொத்தான்களையும் வரைந்து தரும் நிரல்தொகுப்பைக் கருவித்தொகுதி என்பர். ஜிடிகே, க்யூட் முதலிய கருவித்தொகுதிகள் திரையின் நிறம், விளிம்பு, பொத்தான் வடிவு ஆகியவற்றைப் பயனர் விரும்பியவாறு ஒருங்கே மாற்றிக்கொள்ள இடந்தந்தன. அத்தொகுப்பைத் ‘தீம்’ என வழங்குவர்; நாம் தோற்றக்கோலம் எனலாம். 1999இல் வெளிவந்த ஜிடிகே 1.2 பதிப்பில், தோற்றக்கோலக் கோப்பிலேயே எழுத்துருவையும் பெயர் சுட்டி அமைக்கலாம். எக்ஸ் சாளர முறையில் அப்பெயர் 14 உறுப்புகளை உடையது. இறுதி உறுப்பிரண்டும் குறியேற்றத்தைச் சுட்டுவன. கோலம் வரைந்தவர் ஐரோப்பிய மொழிகட்குரிய எழுத்துருவைச் சுட்டியிருப்பின், தமிழ்ப் பட்டி பொருளற்ற குறிகளாகிவிடும். வண்ணத்தை மாற்ற விழைந்தவன் மொழியை இழந்தான்.

ஒரு பொத்தானுக்கு ஓர் எழுத்துரு என்பதே அக்காலக் கருவித்தொகுதிகளின் இயல்பு. ஆங்கிலமும் தமிழும் ஓரெழுத்துருவிலேயே அமைய வேண்டியதன் காரணம் இதனால் தெற்றென விளங்கும். திஸ்கி என்னும் குறியேற்றம் முதல் 128 இடங்களில் ஆங்கிலக் குறிகளை நிறுத்தி, எஞ்சியவற்றில் தமிழை அமைத்தது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் வழி இருமொழிக்கு டாப் எனவும், தமிழ் ஒன்றற்கே டாம் எனவும் இரு தரங்கள் வகுக்கப்பெற்றன. க்யூட் தொகுதி திஸ்கியைப் படிக்கவும் எழுதவும் தனி மாற்றியொன்றைக் கொண்டிருந்தமை பலர் அறியாத செய்தி.

1991இல் வெளிவந்த ஒருங்குறி, எழுத்துக்கு எண் தந்து வடிவை எழுத்துருவுக்கு விட்டது. எனினும் அஃதொன்றே போதியதாகவில்லை. சேலம் என்பதில் ஏகாரக் குறி கண்ணுக்கு முன் நிற்கும். ஒருங்குறியிலோ சகரத்தின் பின் நிற்கும். அதனை இடம்பெயர்த்துக் காட்டும் பொறி ஒன்று வேண்டும். 2000இல் விண்டோஸ் லதா எழுத்துருவுடன் அதனைத் தந்தது. 2002இல் ஜிடிகே 2 பாங்கோவைத் தழுவியது. (கிரேக்கத்தின் ‘பான்’, சப்பானியத்தின் ‘கோ’ இரண்டும் புணர்ந்த இப்பெயர் எல்லா மொழியும் எனப் பொருள்படும்.) அதன்பின் தோற்றக்கோலம் எவ்வெழுத்துருவைச் சுட்டினும், அதில் இல்லாத எழுத்துக்கு வேறோர் எழுத்துருவைத் தேடியெடுக்கும் வழக்கு நிலைபெற்றது. சொல் பிழைத்தது, அழகு பிழைத்தது என்றற்கில்லை. கோலம் வரைந்தவர் தேர்ந்த உரோமன் வடிவுக்கு ஒவ்வாத தடிப்பில் தமிழ் வந்து நிற்கும்; இருமொழி கலந்த வரியின் உயரமும் மிகும்.

பாமினியில் பொறித்த ஊர்ப்பெயர்த் தொகுதியை உருவின்றி வெற்றுரையாக எடுத்துவைத்தால், எழுத்துருவின் பெயர் உடன் செல்லாது. அப்பெயர் அறியாதவன் எம்மாற்றியை ஏவுவான்? ஆய்வாளர் தம் கோப்புகளில் அதனைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது.

பதிப்பாசிரியர்க்கோ ஒருங்குறி வேறொரு வினாவை எழுப்புகின்றது. புள்ளியின்றி எழுதிய ஓலையைப் போலவே காட்டும் எழுத்துரு ஒன்றை அமைத்தல் இயலும். 1978க்கு முந்திய வடிவங்களையும் அவ்வாறே காட்டலாம். ஆயினும் ஓலையில் ரகரமும் காலும் ஒரே வடிவின. ராசிபுரத்தின் முதலெழுத்தை ஓலையில் ‘ரர’ எனவும் படிக்கலாம். ஒருங்குறியில் இரண்டிற்கும் எண் வேறு. ஆகவே, பொறிப்பவர் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். அவர் தேர்ந்தார் என்பதை எந்த எழுத்துருவும் காட்டாது, அடிக்குறிப்பே காட்டும்.