வாக்குமூலம் அளிப்பவர்: ஒரு சொல்லின் சட்ட வரலாறு

சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரம், 1763ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகீரைச் சார்ந்ததாகும். நவாபுகளின் ஆட்சி மறைந்தபின்னும் தாவா, வக்கீல், ஜாமீன், ரத்து முதலிய அரபு வழிச் சொற்கள் நீதிமன்றத் தமிழில் நிலைத்துவிட்டன. ஆயினும், நீதிமன்றத்தில் ஒரு கூற்றைச் சொல்பவரைக் குறிக்க மட்டும் 'வாக்குமூலம் அளிப்பவர்' என்னும் தொடரே வழங்குகிறது.

ஃபிக்ஹு நூல்கள் இங்கே இருவரைப் பிரித்துக் காட்டுகின்றன. பிறர் உரிமை குறித்துத் தாம் கண்டதைச் சொல்பவர் 'ஷாஹித்'. தம்மீது பிறருக்குள்ள உரிமையைத் தாமே ஏற்பவர் 'முகிர்ரு'. சாட்சியம் பிறரையும் கட்டுப்படுத்தும். இக்ராரோ சொன்னவரை மட்டுமே கட்டுப்படுத்தும். எனவே, பாகம் பிரியாத சொத்தில் ஒரு வாரிசு ஒப்புக்கொண்ட கடன் மற்ற வாரிசுகளின் பங்கைத் தொடுவதில்லை. இவ்வேறுபாட்டை மறந்தால் ஒருவர் வாயால் மற்றவர் உரிமை பறிபோகும்.

சாட்சியின் சொல்லுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? பழைய காழிகள் சாட்சியிடம் சத்தியம் கோருவதைவிட, அவரது நேர்மையை விசாரித்தறியும் 'தஸ்கியா'வையே நம்பினர். சத்தியம் பெரும்பாலும் பிரதிவாதிக்கு உரியதாக இருந்தது. ஆங்கிலேய முறையோ சாட்சியையே சத்தியத்தால் பிணித்தது. முஸ்லிம்கள் குர்ஆனின் மீதும், இந்துக்கள் கங்கை நீரின் மீதும் ஆணையிட்டுவந்த வழக்கத்தை மாற்றி, இறைவன் முன்னிலையில் உறுதிகூறும் முறையை 1840ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் கொணர்ந்தது.

1873ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டம் மற்றொரு வழியையும் திறந்தது. எதிரி குறிப்பிட்ட முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுவதாக ஒரு தரப்பினர் கூறலாம்; அவ்வாறு பெற்ற வாக்கு, அப்படிக் கூறியவருக்கு எதிராக முடிந்த சான்றாகும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விதி இடம்பெறவில்லை. சத்தியம் செய்த வாக்கும் குறுக்கு விசாரணைக்கும் பிற சான்றுகளுக்கும் உட்பட்டதாயிற்று.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளை, பிரமாணப் பத்திரத்தில் ஒருவர் தம் சொந்த அறிவால் மெய்ப்பிக்கக்கூடியதையே கூறவேண்டும் என்கிறது. இடைக்கால மனுக்களில் மட்டும், காரணம் காட்டி, நம்பிக்கையையும் கூறலாம். 'ஷஹித' என்னும் அரபு வேர் உடனிருத்தலையும் காணுதலையும் உணர்த்தும். 'சாட்சி' என்னும் வடசொல்லும் கண்ணால் கண்டவரையே குறிக்கும். ஆகவே, பிறர் எழுதித் தந்ததைப் படியாமல் கையொப்பமிடுபவர் சட்டத்தின் கண்ணில் வாக்குமூலம் அளிப்பவராயினும், சொல்லின் பொருளில் சாட்சியாகார்.