அமெரிக்க நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி

1930களில் முளைவிட்டு, 1958 முதல் 1965 வரையான ஏழெட்டு ஆண்டுகளில் உச்சம் தொட்ட இசை இயக்கம். அப்பலாச்சிய மலைக்கிராமங்களிலும், தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலும், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சிறைகளிலும் வாய்வழியாக வாழ்ந்துவந்த பாடல்களை நகரத்துப் படித்த இளைஞர்கள் கற்று மேடையேற்றினார்கள். மறுமலர்ச்சி என்பது நகரத்தார் வைத்த பெயர். அந்தப் பாட்டுகள் வாடிப் போயிருக்கவில்லை. பாடியவர்களில் பலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், வேறு வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இயக்கத்தின் பெருமை, அது பட்ட கடன் இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தொகுப்பு வேலை முதலில் காகிதத்தில் நடந்தது. ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் வெளியிட்ட இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களின் தொகுப்பில் 305 பாடல்கள் இடம்பெற்றன. அவற்றில் பல இன்னும் அப்பலாச்சிய வீடுகளில் பாடப்படுகின்றன என்பதை 1916 முதல் 1918 வரை அம்மலைகளில் அலைந்த ஆங்கிலேயர் செசில் ஷார்ப் காட்டினார். ஆனால் அவர் குறித்துக்கொண்டது ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் பாடியவற்றையே. அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒலித்த பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி வந்த கருவி. டெக்சாஸ்காரரான ஜான் லோமாக்ஸ் 1910இல் மாட்டுக்காரர்களின் பாடல்களை நூலாக்கினார். 1928இல் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்புறப் பாடல்களுக்கென ஆவணக் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது.

1933 கோடையில் ஜான் லோமாக்ஸும் பதினெட்டு வயது மகன் ஆலனும் ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலச் சிறைகளுக்குப் புறப்பட்டார்கள். லூசியானாவின் அங்கோலா சிறைப்பண்ணையில் அவர்கள் சந்தித்த கைதி ஹடி லெட்பெட்டர், பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு எண்ணற்ற பாடல்களை நினைவில் வைத்திருந்தவர். உலகம் அவரை லெட்பெல்லி என்று அறிகிறது. மறு ஆண்டு விடுதலையானதும் லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார், நியூயார்க்கில் பாடினார். செய்திப்படத்துக்காகக் கைதி உடையிலேயே நடிக்கவைக்கப்பட்டார். வருமானத்தில் பெரும்பங்கு லோமாக்ஸ் குடும்பத்துக்குப் போனது. பதிப்புரிமையிலும் ஜான் லோமாக்ஸின் பெயர் ஏறியது. இருவரும் 1935இல் மனம் கசந்து பிரிந்தார்கள். லோமாக்ஸ் போயிராவிட்டால் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திருக்காது என்பது உண்மை. போனவர் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

பொருளாதாரப் பெருமந்தம் இந்தப் பாடல்களுக்கு அரசியல் முகத்தைக் கொடுத்தது. ஓக்லஹோமாவின் ஒகீமாவில் 1912இல் பிறந்த வுடி கத்ரி, புழுதிப்புயலில் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட உழவர்களோடு தானும் போய், அவர்களைப் பற்றிப் பாடினார். பழைய மெட்டை எடுத்துப் புதிய வரிகளைக் கட்டுவது அவர் வழி. இந்த மரபில் அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. பாட்டு நடமாடுவதே அப்படித்தான். 1940 பிப்ரவரியில் நியூயார்க்கில் அவர் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்', அந்நாட்களில் வானொலி ஓயாமல் ஒலிபரப்பிய நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்றுக்குப் பதிலாகப் பிறந்தது. அவருடன் ஊர் சுற்றிய இளைஞர் பீட் சீகர், இசையியலாளர் சார்லஸ் சீகரின் மகன்.

சீகரும் மூன்று நண்பர்களும் 1948இல் அமைத்த 'வீவர்ஸ்' குழு, லெட்பெல்லியின் 'குட்நைட் ஐரீன்' பாடலை 1950இல் பதிவுசெய்தது. பதின்மூன்று வாரம் அது விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. லெட்பெல்லி 1949 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். குழுவுக்கும் அந்த வெற்றி நிலைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் என்ற முத்திரை விழுந்ததும் வானொலி, தொலைக்காட்சி, அரங்கு எல்லாக் கதவுகளும் மூடின. 1955 ஆகஸ்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட சீகர், தன் அரசியல் நம்பிக்கைகளைப் பற்றி யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்று நின்றார். 1961இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தடை, தடுக்க நினைத்ததையே வளர்த்தது. பெரிய மேடை மறுக்கப்பட்ட சீகர் கல்லூரிகள், பள்ளிகள், கோடை முகாம்கள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பாடினார், கூடியிருந்தவர்களையும் பாடவைத்தார். 1954இல் கலிபோர்னியாவில் அவருடைய நிகழ்ச்சி ஒன்றைக் கேட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி ஜோன் பயஸ். சீகர் 1948இல் எழுதிய பாஞ்சோ கையேட்டைப் பார்த்துப் பழகியவர்களில் ஒருவர் 'கிங்ஸ்டன் ட்ரியோ' குழுவின் டேவ் கார்ட். அடுத்த பத்தாண்டின் பாடகர்கள் அந்த முகாம்களிலும் வகுப்பறைகளிலும்தான் உருவானார்கள்.

இன்னொரு விதை 1952இல் விழுந்தது. ஹாரி ஸ்மித் என்ற ஓவியர், தான் சேகரித்த பழைய இசைத்தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்து, மோசஸ் ஆஷின் 'ஃபோக்வேஸ்' நிறுவனம் வழியாக ஆறு நீளிசைத்தட்டுகளாக வெளியிட்டார். எல்லாம் 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் வணிகத்துக்காகப் பதிவாகி, பெருமந்தத்தில் மறக்கப்பட்டவை. பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று ஸ்மித் குறிப்பிடவே இல்லை. இனவாரியாகத் தனித்தனிப் பட்டியல் போட்டுத் தட்டு விற்ற நாட்டில் அது பெரிய துணிச்சல். அதில் கேட்ட ஒரு மென்மையான விரல்மீட்டலுக்கு உரியவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் பதிவுசெய்த அவர் பாடல் ஒன்றில் அவலான் என்ற ஊர்ப்பெயர் வந்தது. அந்த ஒரு துப்பைப் பிடித்துக்கொண்டு 1963இல் தேடிப்போன இளைஞர், அவரை அதே ஊரில் கண்டார். எழுபது வயதில் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார் ஹர்ட். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார், 1966இல் இறந்தார்.

வணிக அலை எழுந்தது 1958இல், கிங்ஸ்டன் ட்ரியோவின் 'டாம் டூலி' பாடலால். வட கரோலினாவில் 1866இல் நடந்த ஒரு கொலையையும், 1868இல் டாம் டூலா தூக்கிலிடப்பட்டதையும் சொல்லும் கதைப்பாடல் அது. பல லட்சம் தட்டுகள் விற்ற அந்த வடிவம், பாஞ்சோ செய்யும் குடியானவர் ஃபிராங்க் பிராஃபிட் 1938இல் பாடிக் காட்டியதிலிருந்து வந்தது. அவர் தரப்புக்கு உரிமைத்தொகையில் பங்கு கிடைக்க 1962 வரை வழக்காட வேண்டியிருந்தது.

எலிசபெத் காட்டனின் கதை இதைவிட விசித்திரமானது. வட கரோலினாவில் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், பன்னிரண்டு வயதையொட்டி 'ஃபிரெய்ட் டிரெயின்' பாட்டைக் கட்டினார். இடதுகைக்காரர், வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானே ஒரு மீட்டல் முறையை உண்டாக்கிக்கொண்டவர். பிறகு பல்லாண்டு கிட்டாரைத் தொடவே இல்லை. வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, வழிதவறிய குழந்தை ஒன்றைத் தாயிடம் சேர்த்தார். அந்தக் குழந்தை பெகி சீகர், பீட் சீகரின் தந்தை வழித் தங்கை. அந்த வீட்டிலேயே காட்டன் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் தொங்கிய கிட்டாரை அவர் ஒருநாள் எடுத்து வாசித்தபோதுதான் தங்கள் வீட்டில் யார் இருக்கிறார் என்று அந்த இசைக் குடும்பத்துக்கே தெரிந்தது. பெகி மூலம் இங்கிலாந்து போன பாட்டு, 1957இல் வேறு இருவர் பெயரில் அங்கே வெற்றி பெற்றது. காட்டனின் பெயரை மீட்கப் போராட வேண்டியிருந்தது. தொண்ணூறு வயதைக் கடந்தபின் கிராமி விருது பெற்றார்.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் இயக்கத்தின் தலைநகரானது. 1961 ஏப்ரலில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் ஞாயிறு தோறும் பாடும் வழக்கத்துக்கு நகராட்சி தடை போட, பாடகர்கள் காவலரை எதிர்த்து நின்று அந்த உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். அவ்வாண்டு ஜனவரியில்தான் மினசோட்டாவிலிருந்து பாப் டிலன் வந்து சேர்ந்திருந்தார், நோய்ப்படுக்கையில் இருந்த வுடி கத்ரியைப் பார்க்கும் ஆசையோடு. 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் விழாவில் அவர் மின்கிட்டாரோடு ஏறியதும் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அத்துடன் மறுமலர்ச்சி முடிந்தது என்று எழுதுவது வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டே பீட்டில்ஸ் வந்து இளைஞர் செவிகளைப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இயக்கத்தின் ஆகப்பெரிய பங்களிப்பு விற்பனைப் பட்டியலில் இல்லை. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், ஒரு பழைய தேவாலயப் பாட்டை மறியல் பாட்டாக மாற்றினார்கள். டென்னசியின் ஹைலாண்டர் பள்ளி வழியாக அது சீகருக்கு வந்தது; 1960இல் பாடகர் கய் காரவன் அதை உரிமைப் போராட்ட மாணவர்களிடம் கொண்டுசேர்த்தார். அதுதான் 'வீ ஷல் ஓவர்கம்'. இந்தியப் பள்ளிகளில் ஒலிக்கும் 'ஹம் ஹோங்கே காம்யாப்' அதன் இந்தி வடிவம். அமெரிக்கப் பதிப்புரிமையில் நால்வர் பெயர் இருந்தாலும், தொகை ஹைலாண்டர் வழியே தென்மாநிலக் கறுப்பினச் சமூகங்களுக்குப் போனது. 2018இல் ஒரு வழக்கின் முடிவில் பாட்டு பொதுச் சொத்தானது. லெட்பெல்லி காலத்துத் தவறிலிருந்து இயக்கம் ஏதோ கற்றிருந்தது.

இந்த இசை ஏன் அடங்கவில்லை என்பதற்கு என் பதில் எளிமையானது: மூன்று சுரக்கூட்டு தெரிந்த எவரும் உள்ளே வரலாம், வந்தவர் வரியை மாற்றலாம். பழைய பதிவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஃபோக்வேஸை 1987இல் ஏற்ற ஸ்மித்சோனியன் நிறுவனம், விற்றாலும் விற்காவிட்டாலும் எந்தப் பதிவையும் நிறுத்துவதில்லை. 2005இல் தொடங்கிய 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழுவின் கறுப்பின இளைஞர்கள், முதிய பிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் உட்கார்ந்து கற்று, பாஞ்சோவை அதன் உரியவர்களிடம் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

2000இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தின் பாடல் தொகுப்பு பல லட்சம் விற்றது. அதன் முதல் பாட்டு, 1959இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் விறகு வெட்டிக்கொண்டே கைதிகள் பாடியதை ஆலன் லோமாக்ஸ் பதிவுசெய்தது. முன்பாட்டுப் பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். லோமாக்ஸ் காப்பகத்தினர் அவரைத் தேடிச் சிகாகோவில் கண்டுபிடித்து, உரிமைத்தொகையாக 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். பாடியதே அவருக்கு மறந்து போயிருந்தது. 2002 பிப்ரவரியில், அந்தத் தொகுப்பு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி பெற்ற விழாவுக்கு, கார்ட்டர் குடும்பத்தோடு போயிருந்தார்.