எல்லாம் டூப்புன்னு சொன்ன காலம்

விதை மல்லாட்டை கட்டி வைக்க சாக்கு தேடி பரண்ல ஏறினேன். மல்லாட்டைன்னா நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதுதான். சாக்கு கிடைக்கலை. ரப்பர் பேண்ட் இத்துப்போன ஒரு கார்டுக் கட்டு கிடைச்சது. தொண்ணூறுகள்ல பள்ளிக்கூடம் போனவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு. ஒவ்வொருத்தருக்கும் ரேங்க், உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயிச்ச சண்டைன்னு கணக்கு அச்சடிச்சிருக்கும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிருங்கிற சங்கதி மட்டும் அச்சுல இருக்காது. அது எங்களுக்கே தெரியும்.

பரண்லயே உட்கார்ந்து புரட்டினதுல அரை மணி நேரம் போயிடுச்சு. அதனால இன்னிக்கு உரம், பூச்சி, மழை எதுவும் இல்லீங்க. குஸ்திதான்.

அப்போ எங்க ஊர்ல கேபிள் இருந்தது டீக்கடையிலதான். அமெரிக்காவுல நடந்து பல நாள் கழிச்சு இங்க வரும். நாங்க அன்னிக்கே நடக்கிற மாதிரி கத்துவோம். அப்பா அந்தப் பக்கம் வந்தா ஒரே பேச்சுதான். "எல்லாம் டூப்புடா. பேசி வெச்சு அடிச்சுக்கிறானுங்க. வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டு."

அப்பா சொன்னதுல தப்பில்லை. 1989-லயே கம்பெனிக்காரங்க நியூ ஜெர்சி மாநில சட்டசபைகிட்ட இது போட்டி இல்லை, வெறும் கேளிக்கைன்னு ஒத்துக்கிட்டாங்க. விளையாட்டுப் போட்டின்னா அரசு கமிஷன் மேற்பார்வை, வரின்னு செலவு இருக்கு. காசு மிச்சம் பண்ண உண்மையைச் சொன்னாங்க. இந்த உலகத்துல அது அபூர்வம்.

ஆனா இதே அப்பா பாரதக் கூத்துன்னா விடிய விடிய உட்காருவார். படுகளத்துல துரியோதனன் சாகப்போறது ஊருக்கே தெரியும். களத்துல மண்ணாலயே அவனைப் பெருசா செஞ்சு படுக்க வெச்சிருப்பாங்க. இருந்தும் அவன் பொண்டாட்டி வந்து ஒப்பாரி வைக்கும்போது அப்பா துண்டால முகத்தைத் துடைப்பார். முடிவு தெரிஞ்சதைப் பார்க்கக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை.

எனக்குப் பிடிச்ச ஆள் ராக் இல்லை, ஆஸ்டினும் இல்லை. மிக் ஃபோலி. மேன்கைண்ட்ங்கிற பேர்ல தோல் முகமூடி போட்டு வருவார். தொப்பை, கலைஞ்ச முடி, பாதி காது கிடையாது. ஜெர்மனியில ஒரு சண்டையில கயிறு கழுத்துல இறுகி, அதுலேர்ந்து பிச்சுக்கிட்டு வந்தப்போ காது போச்சு. எங்க ஊர் ஆளு மாதிரியே இருப்பார்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். கிங் ஆஃப் தி ரிங். ரிங்கைச் சுத்தி 16 அடி உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு, மேல கூரையும் கம்பிவலை. சண்டையைக் கூண்டுக்குள்ள ஆரம்பிக்கணும். ஃபோலி நேரா மேல ஏறிட்டார். அண்டர்டேக்கரும் ஏறினார். கொஞ்ச நேரத்துல ஃபோலியைப் பிடிச்சு அங்கிருந்து கீழே எறிஞ்சார். வர்ணனையாளர் மேஜை மேல விழுந்து மேஜை நொறுங்கிச்சு. டீக்கடையில டம்ளர் கழுவுற சத்தம்கூட நின்னுடுச்சு.

அந்த முதல் விழுகை திட்டம் போட்டது. ஸ்ட்ரெச்சர்ல ஏத்திக் கொண்டுபோனாங்க. பாதி வழியில எழுந்து திரும்பி வந்து மறுபடியும் கூண்டு மேல ஏறினார். அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கிக் கூரை மேலயே அடிச்சார். அந்தக் கூரை பிச்சுக்கும்னு யாரும் நினைக்கலை. வலை விட்டுக்கொடுத்து, ஃபோலி கீழே ரிங்குல மல்லாக்க விழுந்தார். பின்னாலயே ஒரு இரும்பு நாற்காலியும் வந்து முகத்துல விழுந்துச்சு. பல் உடைஞ்சுது. அவர் மூச்சு வாங்க நேரம் கிடைக்கட்டும்னு டெர்ரி ஃபங்க்னு ஒரு மூத்த மல்லர் உள்ள வந்து அண்டர்டேக்கர்கிட்ட தானே அடி வாங்கிக்கிட்டார். அப்புறமும் சண்டை முடியலை. பேசி வெச்ச ஆட்டம்தான், ஆனா 16 அடி பேசி வெச்சதில்லையே.

ஏன் இப்படி ஒருத்தர் விழணும்? அப்போ அங்க திங்கட்கிழமை ராத்திரியில ரெண்டு கம்பெனிக்கு நடுவுல போட்டி. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.போட ரா ஒரு சேனல்ல, டபிள்யூ.சி.டபிள்யூ.வோட நைட்ரோ இன்னொன்னுல. நைட்ரோ தொடர்ந்து 83 வாரம் முன்னால இருந்துச்சு. மக்கள் சேனல் மாத்தாம இருக்க, வாரா வாரம் ஏணியும் கூண்டும் உயர்ந்துக்கிட்டே போச்சு.

இந்தப் போட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்ச ராத்திரி 1999 ஜனவரி 4. அன்னிக்கு ராவுல வந்தது முன்னாலயே படம் பிடிச்ச நிகழ்ச்சி. ராக்கை ஜெயிச்சு ஃபோலி முதல் தடவையா சாம்பியன் ஆகிறார். எதிர்ச் சேனல்ல நேரலையில இருந்த வர்ணனையாளர், அவங்க ஆள் வராம இருக்கட்டும்னு, அங்க ஃபோலிதான் பெல்ட் ஜெயிக்கப்போறார்னு நக்கலா முடிவைப் போட்டு உடைச்சுட்டார். அதைக் கேட்ட லட்சக்கணக்கான பேர் உடனே சேனலை மாத்தி ஃபோலி ஜெயிக்கிறதைப் பார்க்கப் போயிட்டாங்க. முடிவு தெரிஞ்சுதான் போனாங்க. அப்பாவோட கூத்துக் கணக்குதான். ரெண்டு வருஷத்துல, 2001 மார்ச்சுல, டபிள்யூ.சி.டபிள்யூ.வை எதிராளியே வாங்கிட்டாங்க. அடுத்த வாரம் ஹூஸ்டன்ல ஆஸ்டினும் ராக்கும் மோதின ரெஸில்மேனியாதான் எல்லாரும் சிறந்ததுன்னு சொல்றது. நல்ல நிகழ்ச்சிதான். ஆனா போட்டிக்கு ஆள் இல்லாததாலயோ என்னவோ, எனக்கு அது கல்யாணம் முடிஞ்ச வீடு மாதிரி இருக்கும்.

கார்டுக் கட்டுல அடுத்து வந்தது ஓவன் ஹார்ட். அங்கதான் கை நின்னுச்சு.

கனடாவுல கால்கரியில பெரிய குஸ்திக் குடும்பம், 12 பிள்ளைங்க. கடைக்குட்டி ஓவன். அண்ணன் பிரெட் ஹார்ட் பெரிய சாம்பியன். 1997 நவம்பர் 9, மான்ட்ரியால்ல பிரெட்டை ஏமாத்தி பெல்ட்டைப் பறிச்சாங்க. அவர் தோக்கிறதா பேச்சே இல்லை. முதலாளி வின்ஸ் மக்மேன் ரிங் பக்கத்துல நின்னு மணியடிக்கச் சொல்லிட்டார். பிரெட் எதிர்க் கம்பெனிக்குப் போயிட்டார். ஓவனும் விலகக் கேட்டார், ஒப்பந்தத்துலேர்ந்து விடலை.

1999 மே 23, கேன்சஸ் சிட்டி. ஓவனுக்கு ப்ளூ பிளேசர்னு ஒரு கோமாளி வேஷம். கூரையிலேர்ந்து கயித்துல மெதுவா இறங்கி வந்து, ரிங்குக்குக் கொஞ்சம் மேல கொக்கியைக் கழட்டிவிட்டு தொபுக்குனு குப்புற விழணும், ஜனம் சிரிக்கணும். அந்த ஒரு சிரிப்புக்காக சட்டுனு கழலுற கொக்கி மாட்டியிருந்தாங்க. அது மேலயே கழண்டுடுச்சு. 78 அடி. டிவியில அந்த நேரம் வேற பதிவு ஓடிக்கிட்டிருந்ததால வீட்டுல இருந்தவங்க பார்க்கலை. அரங்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க, ஆட்டத்துல ஒரு பகுதின்னு நினைச்சவங்களும் உண்டு. இது ஆட்டம் இல்லைன்னு டிவிக்காரங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஜிம் ராஸ்ங்கிற வர்ணனையாளர். ஓவனுக்கு வயசு 34.

கால் மணி நேரம் போல கழிச்சு அதே ரிங்குல நிகழ்ச்சி தொடர்ந்துச்சு. ஓவன் இறந்துட்டார்னு ஜிம் ராஸ் டிவியில சொன்ன பிறகும் ஆட்டம் நடந்துச்சு. அரங்கத்துல இருந்தவங்களுக்கு அறிவிக்கலை.

எங்க ஊர்ல சாவு விழுந்தா பொணம் எடுக்கிற வரைக்கும் கோயில் கதவு திறக்காது. பறையடிச்சு வந்த திருவிழாவும் நிக்கும். அதனால இந்த விஷயத்துல மக்மேனை ரொம்ப நாள் திட்டிக்கிட்டிருந்தேன். 2007 வரைக்கும்.

அந்த வருஷம் எங்க தோப்புல காய் வெட்டும்போது மரம் ஏறுற அண்ணன் விழுந்தார். மட்டை காலை வாரிடுச்சு. வரப்போரம் இடுப்பு பட விழுந்தார். முனகல் மட்டும் இருந்துச்சு. வேன்ல ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வியாபாரியோட லாரி ரோட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு. மீதி எட்டு மரம். அப்பா பக்கத்துத் தோப்புல ஏறிக்கிட்டிருந்தவரைக் கூப்பிட்டு எட்டையும் முடிச்சார். நான் கீழே நின்னு காய் எண்ணினேன். சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் பிழைச்சுக்கிட்டார், இடுப்புல கம்பி வெச்சாங்க, அப்பாதான் செலவு பார்த்தார். ஆனா நான் எண்ணிக்கிட்டிருந்த நேரத்துல அவர் பிழைப்பாரான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

கேன்சஸ் சிட்டியிலயும் நிகழ்ச்சியை மறுபடி ஆரம்பிச்ச நேரத்துல அவங்களுக்குத் தெரியாது.

மறுநாள் ராத்திரி செயின்ட் லூயிஸ்ல நடந்த ராவை நாங்க டீக்கடையில பார்த்தோம். ஓவனுக்கான நிகழ்ச்சி. அன்னிக்குக் கதையும் இல்லை, பகையும் இல்லை. ஒவ்வொருத்தரா வேஷத்தை விட்டுட்டு கேமரா முன்னால உட்கார்ந்து பேசினாங்க, மலை மாதிரி ஆளுங்க குலுங்கி அழுதாங்க. அப்பா என்னைக் கூப்பிட வந்தவர் வாசல்லயே நின்னுட்டார். "யாருடா செத்தது?"ன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நீ இரு. தண்ணி நான் காட்டிக்கிறேன்"னு போயிட்டார்.

கட்டுக்குப் புது ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கேன். சாக்குக்கு நாளைக்கு மறுபடி பரண் ஏறணும்.