அதிமதுரத்தில் இருக்கும் ‘அதி’

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீட்டு மொழிகள். இருமலுக்கு நாட்டு மருந்து கேட்கும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன: தமிழில் அதிமதுரம், தெலுங்கில் அதிமதுரமு. கிரேக்கர் இதை ‘இனிப்பு வேர்’ என்றார்கள்; கிளிசிரைசா என்ற தாவரவியல் பெயர் அதுதான். வடமொழி மருத்துவ நூல்களில் யஷ்டிமது, அதாவது தேன்கோல். வேர், கோல் என்று பொருளின் உருவம் அவற்றில் தெரிகிறது. நம் வழக்கில் நிலைத்த பெயரிலோ சுவை மட்டுமே உண்டு. செடி மத்தியதரைக் கடல் நாடுகள் முதல் நடு ஆசியா வரை விளைவது; நமக்கு வந்தது காய்ந்த துண்டு. நாமே அகழ்ந்தெடுத்த வெட்டிவேரின் பெயரில் வேர் இருப்பதையும், கண்ணால் காணாத செடிக்கு நாக்கு பெயர் வைத்ததையும் சேர்த்துப் பார்க்கிறேன். நன்னாரியில் வேர் எங்கே என்று கேட்கலாம். நன்னாரி கொடியின் பெயர். மருந்தை ‘நன்னாரி வேர்’ என்றே கேட்கிறோம். அதிமதுரம் என்றதும் எந்தச் செடியும் நினைவுக்கு வருவதில்லை.

செடி மறைந்து இனிப்பு நின்றதால், மருந்து என்ற எண்ணமும் மங்கிவிட்டது. ஆனால் சொல்லின் முன்பாதியைக் கவனிக்க வேண்டும். அதிரசத்தில் இருக்கும் அதே ‘அதி’தான், வயிற்றுப்போக்கைக் குறிக்கும் அதிசாரத்திலும் இருக்கிறது. அது மிகுதியைக் காட்டும் முன்னொட்டு மட்டுமே, எச்சரிக்கை அல்ல என்பார்கள். பெயர் வைத்தவர் எச்சரிக்க நினைத்திருக்க மாட்டார், உண்மை. ஆயினும் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிக்கும் கிளிசிரைசின் என்ற பொருளில்தான் ஆபத்தும் இருக்கிறது. உடலில் அது மாறி, சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. விளைவாக உப்பும் நீரும் தேங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. இரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, இதயத் துடிப்பும் தடுமாறலாம். 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டில், இந்த வேர்ச்சாற்று மிட்டாய்க்கு இன்றும் பெரும் பிரியம் உண்டு. இரைப்பைப் புண்ணுக்கு இச்சாற்றைக் கொடுத்த ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், புண் தணிவதோடு சிலருக்கு உடல் வீங்குவதையும் 1946-இல் பதிவுசெய்தார்.

தலைமுறைகளாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது வலுவான மறுப்பு. அவர்கள் எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும்: தொண்டை கட்டியபோது ஒரு துண்டு, இருமலுக்கு ஆடாதோடையோடு சில நாள் குடிநீர். அந்த அளவில் இது தொண்டைக்கு இதமானதுதான். அன்றாடம் பொடியாகவும் தேநீராகவும் மாதக்கணக்கில் எடுப்பது வேறு. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினை மேல் எல்லையாக ஐரோப்பிய நிபுணர் குழு வகுத்தது. வேரில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தால் 2 கிராம் பொடியே அந்த எல்லையைத் தொட்டுவிடும். கூனங்குப்பம் போன்ற பழவேற்காட்டு மீனவ ஊர்களில் கருவாட்டு உப்பு ஏற்கெனவே சோற்றோடு உள்ளே போகிறது. உப்பைத் தேக்கும் வேரை அதன்மேல் தினமும் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கிளிசிரைசினை நீக்கிய வேர்ச்சாறும் விற்பனையில் இருக்கிறது. இந்த ஆபத்து அதில் பெரும்பாலும் இல்லை. மதுரமும் பெரும்பாலும் இல்லை.